டிசம்பர் ஆறு: நிக்கோலாய்

துரை அண்ணன் எங்கள் அச்சகத்துக்கு முதல்முறை வந்தபோது கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருந்தார். வருஷத்தின் எல்லா நாளுக்கும் நேராகப் பெயர்கள். ஸ்பிரோஸ், ஆந்த்ஜெய், கியோர்கி, லூசியா, ஹுவான் என்று ஒரு நாளுக்கு மூன்று நான்கு, சில நாளுக்குப் பத்து. "இதைக் காலண்டரா அடிக்கணும் பாய்," என்றார்.

நான் ராயபுரத்தில் இருபத்தைந்து வருடமாகக் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிக்கிறவன். "இன்னாண்ணே இது, எலெக்சன் லிஸ்டா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் விளக்கினார்.

முழுப் பெயர் வெள்ளத்துரை. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, துறைமுகத்துக்கு எதிரே கப்பல்களுக்கு அரிசி, காய்கறி சப்ளை செய்யும் கடை வைத்தவர். பத்து வயதில் மெட்ராஸ் வந்த துரை அண்ணன், பள்ளி முடிந்ததும் அப்பாவோடு கப்பலேறிக் கூடை இறக்கப் பழகினார். கடை நொடித்துப் போனபின், மாதா கோயில்காரர்கள் நடத்தும் மாலுமிகள் கிளப்பில் வேன் ஓட்டச் சேர்ந்தார். துறைமுக வாசலில் இறங்கும் மாலுமிகளைக் கடைக்கும் கிளப்புக்கும் கூட்டிப்போவது, சிம் கார்டு வாங்கிக் கொடுப்பது, கப்பலுக்குள் போய் "நல்லா இருக்கீங்களா" என்று விசாரித்து வருவது. அதுதான் வேலை.

இருபது வயசில் ஒரு கிரேக்கக் கப்பலுக்குத் தக்காளி இறக்கப் போனாராம். சமையல்காரர் கையைப் பிடித்து உட்கார வைத்து, தேன் ஊற்றிய பணியாரத்தைத் தட்டு நிறையக் கொடுத்திருக்கிறார். பிறந்தநாளா என்று கேட்டதற்கு, இல்லை, ஸ்பிரிதோன் என்கிற புனிதரின் நாள், அவர் பேரைத்தான் எனக்கு வைத்திருக்கிறது, அதனால் இன்று என் நாள் என்றாராம். அவர்கள் ஊரில் பிறந்தநாளைக்கூட மறந்துவிடுவார்கள், பேர் நாளை மறக்க மாட்டார்கள். அன்றைக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை. அந்தப் பேர் தெரிந்தவர்கள் தானாக வீட்டுக்கு வருவார்கள்; வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட வேண்டியது பேர்க்காரர் பொறுப்பு.

"நம்ம கோயில்லயும் நாம விழான்னு ஒண்ணு உண்டு பாய். ஆனா அது பாதருக்கும் சிஸ்டருக்கும்தான். மாலை போட்டு ஒரு கேக்கு வெட்டுவாங்க. சாதா ஜனத்துக்கு எவன் கொண்டாடறான்? நம்ம ஊருக்கே இராயப்பர் பேரு, அதான் பீட்டரு. இங்க கீற எத்தினி பீட்டருக்கு ஜூன் இருபத்தொன்பது தன்னோட நாளுன்னு தெரியும்?"

அன்றிலிருந்து எந்தக் கப்பலுக்குப் போனாலும் கேட்டு எழுத ஆரம்பித்தார். போலந்துக்காரனுக்கு ஆந்த்ஜெய் நவம்பர் முப்பது. கிரேக்கர்களுக்கு கியோர்கோஸ் ஏப்ரல் இருபத்து மூன்று, ஆனால் அது தவக்காலத்தில் விழுந்தால் ஈஸ்டருக்கு மறுநாள் தள்ளிப்போகும். நிக்கோலாஸ் பல்கேரியாவில் டிசம்பர் ஆறு, ரஷ்யாவில் பத்தொன்பது. லாத்வியா என்ற சின்ன நாட்டில் புனிதர் அல்லாத பெயர்களுக்கும் நாள் குறித்திருக்கிறார்களாம். அந்த ஊர் மாலுமி ஒருவன், 'வெள்ளத்துரை' எந்தப் புனிதர் என்று கேட்டிருக்கிறான். எந்தப் புனிதரும் இல்லை. ஞானஸ்நானப் பதிவில் மரிய இஞ்ஞாசி என்று இருக்கிறது, அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டதே இல்லை. அப்படியானால் உன் நாள் மே இருபத்திரண்டு, காலண்டரில் இடம் கிடைக்காத பெயர்களுக்கெல்லாம் எங்கள் ஊரில் அந்த நாள்தான் என்றானாம். துரை அண்ணன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

எங்களில் குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்று விருந்து உண்டு. அதற்கப்புறம் பேருக்கென்று ஒரு நாள் கிடையாது. ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல எனக்கும் ஆசையாகிவிட்டது. வருடா வருடம் முந்நூறு காலண்டர் அடித்தோம். கப்பல் கப்பலாகப் போயிற்று. எங்கேயோ பிரேசில் துறைமுகத்தில் ஒரு கப்பல் சாப்பாட்டு அறைச் சுவரில் எங்கள் காலண்டர் தொங்கும் படத்தை யாரோ அனுப்பியிருந்தார்கள். அதை அவர் ஒரு வாரம் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குப் புகழ் பிடிக்கும். நல்ல மனிதர்தான், ஆனால் பிடிக்கும். ஆரம்பத்தில் பேர் நாள்காரனிடம் கை குலுக்கிவிட்டு வந்துவிடுவார். பிறகு கேக் வந்தது. அப்புறம் கேக்கோடு படம். படம் கிளப்பின் பத்திரிகையில் வர ஆரம்பித்ததும், எந்தக் கப்பலில் யாருக்கு நாள் வருகிறது என்று முன்கூட்டியே மாலுமிப் பட்டியலை வாங்கித் தேட ஆரம்பித்தார்.

மூன்று வருடத்துக்கு முந்தைய டிசம்பரில், எண்ணூர்த் துறைமுகத்தில் நிலக்கரி இறக்க ஒரு கப்பல் வந்தது. பட்டியலில் நிக்கோலாய் என்ற பல்கேரியன் இருந்தான். வயது இருபத்தாறு, இன்ஜின் அறை வேலை. கப்பல் ஏழாம் தேதி மதியம் கிளம்புகிறது. ஆறாம் தேதி அவன் நாள். அதுவும் நிக்கோலாஸ் என்பவர் மாலுமிகளுக்கே பாதுகாவலர். துரை அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

பல்கேரியாவில் அன்று கேக் கிடையாது, மீன். செதில் உள்ள மீனாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஐதீகம். காலையில் நானும் அவரும் காசிமேட்டில் குப்பம்மாவிடம் போனோம். குப்பம்மா எங்கள் இரண்டு வீட்டுக்கும் வழக்கமாக மீன் போடுகிறவள்.

"செதில் கீற மீனா குடு குப்பம்மா. பெருசா, முழுசா," என்றார் துரை அண்ணன்.

"இன்னா நைனா, பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"வெள்ளைக்காரனுக்கு. அவங்க சாமி நாளு. செதில் இல்லாத மீனு ஆவாதாம்."

"நம்ம வூட்டாண்ட பொறந்திருக்க வேண்டிய சாமிதான்," என்று சொல்லி, கழிமுகத்தில் பிடித்த ஒரு கொடுவாவை எடுத்துப் போட்டாள். மூன்று கிலோ இருக்கும்.

அதை அவர் மனைவி ஞானசெல்வி முழுசாக மசாலா தடவி, பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கி, வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார். துரை அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு எண்ணூர் போனார். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. பின்னால் அவர் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன்.

கேப்டன் நல்ல உற்சாகத்தில் இருந்திருக்கிறார். சாப்பாட்டு அறையில் எல்லோரையும் கூட்டி, நிக்கோலாயை வரச் சொல்லியிருக்கிறார். அவன் கீழேயிருந்து ஏறி வர நேரமாயிற்று. வந்தவன் முகம் மெழுகு மாதிரி இருந்தது. மேலுதட்டில் வியர்வை. மீனைப் பார்த்ததும் கண் கலங்கியது. வீட்டு ஞாபகம் என்று துரை அண்ணன் நினைத்தார். படம் எடுக்கும்போது, "ஸ்மைல் நிக்கோலாய், யுவர் டே!" என்றார். அவன் சிரித்தான்.

எல்லோரும் மீனைப் பிய்த்துத் தின்றார்கள். அவன் தொடவில்லை. துரை அண்ணன் கிளம்பி ஏணிப்படி வரை வந்தபோது பின்னாலேயே வந்து சட்டைக் கையைப் பிடித்தான். அவனுக்கு இங்கிலீஷ் அரைகுறை.

"டாக்டர்," என்றான். விரலைக் காட்டி, "த்ரீ டே. கேப்டன் சே, டேப்லெட், டேப்லெட். யூ ஸ்பீக். ப்ளீஸ்."

இவருக்குப் புரிந்தது. துறைமுகத்தில் முப்பது வருடம் இருந்தவருக்கு இது புரியாமல் போகுமா? கப்பலைக் கரையில் ஒரு நாள் கூடுதலாக நிறுத்தினால் கேப்டனுக்கு எவ்வளவு தலைவலி என்றும் தெரியும். அதற்கு நான்கு வருடம் முன்பு இன்னொரு கப்பலில், அடி வாங்கிய ஒரு பிலிப்பினோ மாலுமிக்காக இவர் கேப்டனிடம் வாய் கொடுத்து, அந்தக் கப்பலின் கரை வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட் ஆபீஸ் இவரை நான்கு மாதம் எந்தக் கப்பலிலும் ஏறவிடாமல் செய்தது. அதே ஏஜென்ட்தான் இந்தக் கப்பலுக்கும்.

திரும்பிப் பார்த்தார். கேப்டன் சாப்பாட்டு அறை வாசலில் நின்று இவரைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஓக்கே, ஓக்கே," என்று நிக்கோலாயின் தோளைத் தட்டினார் துரை அண்ணன். "டுமாரோ. ஐ ஸ்பீக் டுமாரோ. ஹேப்பி நேம் டே."

அவன் கையை எடுத்துக்கொண்டான். இவர் இறங்கி வந்துவிட்டார்.

மறுநாள் போகவில்லை. ஏஜென்டுக்குப் போன் செய்யவும் இல்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்களே, சாதாரண வயிற்று வலியாக இருக்கும், இந்நேரம் சரியாகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். மதியம் கப்பல் கிளம்பிவிட்டது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு என் அச்சகத்துக்கு வந்தார். புது வருடக் காலண்டருக்கு அட்டைப்படம் அந்த மீன் படம்தான் என்று பென் டிரைவைக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். நடுவில் துரை அண்ணன், கையில் மீன் தட்டு, வாயெல்லாம் பல். பக்கத்தில் நீல அங்கியில் அந்தப் பையன். உதடு மட்டும் சிரிக்கிறது. வலது கை இடுப்புக்குக் கீழே வயிற்றை அழுத்திப் பிடித்திருக்கிறது. விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது.

"இவன் இன்னாண்ணே வயித்தைப் புடிச்சிக்கினு கீறான்?" என்றேன். வேறெதுவும் நினைத்துக் கேட்கவில்லை.

திரும்பினேன். அவர் போனைக் கையில் எடுத்து ஏதோ ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கை தெரியாத மாதிரி வெட்டிடு பாய்," என்றார்.

வெட்டினேன். மார்பளவோடு, மீன் தட்டு வரை மட்டும் வருகிற மாதிரி இரண்டு பேரையும் வைத்து அட்டையை முடித்தேன். ஏன் என்று நான் கேட்டிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்த எவனும் கேட்டிருப்பான். வேலை நிறைய இருந்தது, கேட்கவில்லை. அவர் போனில் பார்த்தது ஏஜென்ட் ஆபீஸ் எண் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அப்போது கப்பல் போய் ஐந்து மணி நேரம்தான் ஆகியிருந்தது.

பத்தாம் தேதி காலையில் கிளப்புக்குப் போன் வந்தது. கடலில் ஒரு மாலுமி மயங்கி விழுந்து, கப்பலைத் திருப்பிக் கொண்டுவந்து, படகில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ். ஆபரேஷன் நடக்கிறது. துணைக்கு யாராவது வேண்டும். கிளப்பை நடத்தும் பாதர் போனைக் கீழே வைத்துவிட்டு, "துரை, பல்கேரியப் பையனாம், நிக்கோலாய். நீங்க மீன் கொடுத்தீங்களே, அவன்தான்," என்றாராம்.

மூன்று வாரம் துரை அண்ணன் அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னும் இரண்டு முறை வயிற்றைத் திறந்தார்கள். ஐந்து நாள் அவன் பிழைப்பானா என்றே தெரியவில்லை. இவர் கஞ்சி கொண்டு போனார், முதுகு துடைத்துவிட்டார், படுக்கைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். வார்டில் எல்லோரும் இவரை அதிசயமாகப் பார்த்தார்கள். யாரோ ஊர் பேர் தெரியாத பையனுக்கு இப்படிச் செய்கிறாரே என்று நர்ஸ்கள் காபி வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் காபியை அவரால் குடிக்க முடியவில்லை என்றார் என்னிடம்.

பையனின் அம்மா தினமும் வீடியோவில் வருவாள். ஒரு நாள், மீன் கொண்டுவந்தவர் இவர்தான் என்று கப்பல் ஆட்கள் யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். அவள் சிலுவை போட்டுக்கொண்டு போன் திரையை முத்தமிட்டாள். அவள் பேசியது ஒரு சொல் இவருக்குப் புரியவில்லை. போனைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார்.

அன்று நேராக என்னிடம்தான் வந்தார். எல்லாவற்றையும் சொன்னார். கப்பலில் நடந்ததாக நான் மேலே சொன்னது முழுக்க அன்று கேட்டதுதான். சொல்லி முடித்ததும், "நீ கேட்டப்பவே போன் பண்ணியிருந்தா பாய், கப்பல் அப்பவே திரும்பியிருக்கும்," என்றார்.

"வூட்ல சொன்னியாண்ணே?" என்றேன்.

சொல்லியிருக்கிறார். ஞானசெல்வி அக்கா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். "ஏங்க, அந்தப் பிள்ளை உசுர் போற வலியில நின்னுருக்கான். நான் சுட்டுக் குடுத்த மீனைக் கையில வச்சுக்கிட்டு, சிரிலே சிரிலேன்னு சொல்லியிருக்கீங்க. உங்களுக்கு அவன் வேணுமா, அவன் படம் வேணுமா?" இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அக்காவே கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஜனவரி இரண்டாம் தேதி நிக்கோலாயை ஊருக்கு அனுப்பினார்கள். பாதி ஆளாக இளைத்திருந்தான். துரை அண்ணன்தான் வேனில் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார். சொல்லாமல் அனுப்பக்கூடாது என்று முடிவு செய்து, வழியில் வண்டியை ஓரம் கட்டி, போனில் மொழிபெயர்க்கிற வசதியைத் திறந்து பேசினார். அன்று நீ கேட்டது எனக்குப் புரிந்தது. கேப்டனுக்குப் பயந்து புரியாத மாதிரி போய்விட்டேன். மன்னித்துவிடு.

போன் அதைப் பல்கேரிய மொழியில் சொன்னது. நிக்கோலாய் கேட்டான். பிறகு போனை வாங்கி ஏதோ பேசி, திருப்பிக் கொடுத்தான். திரையில் இருந்ததை துரை அண்ணன் எனக்கு மனப்பாடமாகவே சொன்னார்:

"உங்களுக்குப் புரிந்தது எனக்கு அப்போதே தெரியும். நீங்கள் கேப்டனைத் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்."

மூன்று வாரம் இவர் கையால் கஞ்சி குடித்தவன் அதைத் தெரிந்துகொண்டேதான் குடித்திருக்கிறான். விமான நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்தபோது கை நீட்டினான், குலுக்கினார்கள். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. இவரும் மறுபடி கேட்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்ல வந்திருக்க மாட்டேன். ஜனவரிக் கடைசியில் கிளப் ஆண்டு விழா. ஆஸ்பத்திரியில் இவர் கிடந்ததைப் பார்த்த பாதர், கிளப் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதியிருந்தார். அந்த மீன் படம், நான் வெட்டிய அதே படம், பக்கத்தில். விழாவில் துரை அண்ணனுக்குப் பொன்னாடை. வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. பாதர் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்.

நானும் போயிருந்தேன். கப்பல் கம்பெனிக்காரர்கள், கோயில் ஜனம், நான்கைந்து மாலுமிகள், இருநூறு பேர் இருப்பார்கள். ஞானசெல்வி அக்கா எனக்கு முன் வரிசையில், முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி. பொன்னாடை போட்டதும் துரை அண்ணன் மைக்கைப் பிடித்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, சொல்லப்போகிறார் என்று.

"இந்தப் பொன்னாடை எனக்கு வேணாம்," என்றார். "அந்தப் பையன் என்கிட்ட டாக்டர் கேட்டான். நான் கேக்காத மாதிரி இறங்கி வந்துட்டேன். எனக்கு இது தகாது. நான் அவனைக் காப்பாத்தல. நான் அவனைச் சாவக் குடுக்கப் பாத்தேன்."

குரல் உடைந்தது.

பிறகு யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். பாதர் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டு, "இதுதான் தாழ்ச்சி. மூன்று வாரம் தரையில படுத்துக் கெடந்தவர் பேசறார் பாருங்க, இன்னும் செஞ்சிருக்கலாம்னு," என்றார். கைதட்டல் இன்னும் பெரிதாகியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

துரை அண்ணன் அங்கேயே நின்றார். மறுபடி மைக்கைத் தேடினார், அது அடுத்த ஆள் கைக்குப் போயிருந்தது. நான் எழுந்து, இவர் சொல்வது உண்மை, படத்தை வெட்டியவன் நான் என்று கத்தியிருக்கலாம். இருநூறு பேர் நடுவில் நான் உட்கார்ந்தே இருந்தேன். ஞானசெல்வி அக்கா மட்டும் கை தட்டவில்லை. கீழே இறங்கி வந்தவரின் தோளிலிருந்து பொன்னாடையை அவர்தான் எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் வந்தார் துரை அண்ணன். "வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கிறான். எழுதித் தரணும். டைப் பண்ணு பாய்," என்றார்.

கப்பல்களைச் சோதிக்கிற அரசாங்க அதிகாரிக்கு ஒரு கடிதம். கேப்டன் மூன்று நாள் டாக்டரைக் கூப்பிடவில்லை என்பது, நிக்கோலாய் தன்னிடம் கேட்ட வார்த்தைகள், தேதி, நேரம். கடைசியில், இதைத் தெரிந்தும் தான் யாரிடமும் சொல்லவில்லை என்பது. அந்த வரியைக் கொஞ்சம் மென்மையாக்கலாமா என்று கேட்டேன். "நீ ஒரு தபா வெட்டினது போதும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெட்டாத படத்தையும் கடிதத்தோடு சேர்த்து அடித்துக் கொடுத்தேன். ஒரு பிரதி பாதருக்கு.

பாதர் அதைப் படித்தார். அப்புறம் அடுத்த மாதப் பத்திரிகையில் ஒரு சின்னத் திருத்தம் போட்டார். நான்கு வரி. எத்தனை பேர் படித்தார்களோ தெரியாது. அதிகாரி கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார். அந்தக் கேப்டனுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஏஜென்ட் ஆபீஸ் எதிர்பார்த்த மாதிரியே இவரை எந்தக் கப்பலிலும் ஏறவிடாமல் செய்தது. இந்த முறை பதினோரு மாதம். இவர் கேட் வாசலில் வேனுக்குள் உட்கார்ந்து, இறங்கி வருகிறவர்களை மட்டும் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள்கூட அதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

முந்தைய டிசம்பரிலேயே அடித்த முந்நூறு காலண்டரில் பாதி அப்போது கிளப்பில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. அவற்றைத் திருப்பி என் அச்சகத்தில் கொண்டுவந்து போட்டார். அடுத்த வருடம் காலண்டர் வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நோட்டோடு வந்தார். பெயர்கள் மட்டும், படம் எதுவும் கூடாது, கீழே 'தொகுப்பு: வெள்ளத்துரை' என்று போடுவதையும் எடுத்துவிடு என்றார். நாள்கள் அந்த மாலுமிகளுடையவை, அவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்றார்.

இப்போது மறுபடி கப்பலேறுகிறார். கேக் கொண்டுபோவதில்லை. போனை வேனிலேயே வைத்துவிட்டுப் போகிறார். மேலே போனதும் யாருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் முதலில் கேட்கிறாராம். இரண்டு முறை ஏஜென்டோடு சண்டை வந்திருக்கிறது. ஒரு முறை கை வீங்கிய ஒரு மாலுமியை வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து காட்டியிருக்கிறார். அதைப் பற்றி யாராவது பாராட்டினால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

போன டிசம்பர் ஆறாம் தேதி அச்சகத்துக்கு வந்தார், புருஃப் பார்க்க. பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் அந்த ஆறாம் தேதிக் கட்டத்தில் நிற்காமல் அடுத்த நாளுக்குப் போனார். நான்தான் கேட்டுவிட்டேன்.

"பையனுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினியாண்ணே? நம்பர் கீதே உன்னாண்ட."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒவ்வொரு வருஷமும் டைப் பண்றேன் பாய். அனுப்பறதில்ல. அவனோட நாள்ல, அவங்க வீட்ல எல்லாரும் மீன் சாப்பிட்டுக்கினு இருப்பாங்க. அந்த நேரத்துல என் பேரு போன்ல வரணுமா?"

டீ வந்தது, குடித்தார். டிசம்பர் இருபத்தாறில் ஸ்தெபான் என்ற பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்ததைக் காட்டித் திருத்தச் சொன்னார். பிறகு எண்ணூரில் ஒரு கப்பல் வந்திருப்பதாகச் சொல்லி வேனை எடுத்துக்கொண்டு போனார்.